அது 'அல்சர்' இல்லைங்க!

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ஒரு விளம்பரம் தவறாமல் கண்ணில் படும். மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்! கழிப்பறைச் சுவர், மின்கம்பம், ரயில்வே பாலம் என்று ஒரு இடம் பாக்கி இருக்காது. இதைப் பார்த்துப் பார்த்தே நம் ஜனங்களுக்கு ஒரு மருத்துவ அகராதி மனப்பாடம் ஆகிவிட்டது. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம். வயிறு வலித்தால் அல்சர். அடிக்கடி வெளியே போனால் உடம்புச் சூடு. சரி, மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் வந்தால் என்ன பெயர்? அந்த அகராதியில் அதற்குப் பக்கமே இல்லை.

டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். தமிழில் பெருங்குடல் புண் அழற்சி. பெயரில் 'அல்சர்' இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்ச நஞ்சமில்லை. நாம் சாதாரணமாகச் சொல்லும் அல்சர் இரைப்பையில் அல்லது முன்சிறுகுடலில் வருவது. இது பெருங்குடலில் வருவது. மலக்குடலில் ஆரம்பித்து மேலே மேலே ஏறும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய். காரம் சாப்பிட்டதால் வந்தது என்பதெல்லாம் கதை. பெரும்பாலும் 15 வயதிலிருந்து 30 வயதுக்குள் ஆரம்பிக்கும். அதாவது நண்பர்களே, நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதில்!

இந்த நோய்க்குத் தினமும் சாப்பிட வேண்டிய மருந்து இருக்கிறது. பழைய மருந்து, பெரிதும் சோதிக்கப்பட்ட மருந்து. அதைப் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. மருந்தால் வரும் ஆபத்தை விட, மருந்தைச் சுற்றி நாம் செய்யும் குளறுபடிகளால் வரும் ஆபத்து அதிகம் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

இதைப் பேச கணியம்பாடியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். காட்பாடி - விழுப்புரம் பாதையில் ரயில் நிலையமும் உண்டு. பார்க்க சாதாரண ஊர்தான். ஆனால் உலகத்துப் பொது சுகாதார ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'கணியம்பாடி ஒன்றியம்' என்ற பெயர் அடிக்கடி வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை (பாகாயத்தில் இருக்கும் சாட் ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும்) பல பத்தாண்டுகளாக இந்த ஒன்றியத்தின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் வேலை செய்திருக்கிறது. ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் ஒரு உதவியாளர், அவருக்கு மேல் நர்ஸ், அதற்கு மேல் டாக்டர் என்று நான்கு அடுக்கு. எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எப்போது தடுப்பூசி என்று அத்தனைக்கும் கணக்கு.

வயிற்றுக்கும் வேலூருக்கும் இன்னொரு பழைய சம்பந்தமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், இது வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்கிற நீடித்த பேதி கொள்ளைநோய் போலப் பரவியது. சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாதனும் அதை ஆராய்ந்து எழுதியவை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. பேதி என்றால் கிருமி, கெட்ட தண்ணீர், சத்துக்குறைவு என்று நினைத்தே பழகிய மண் இது. நினைத்ததிலும் தப்பில்லை. அந்தப் பழக்கத்தால்தான், கிருமியே இல்லாத ஒரு ரத்தபேதி வரும்போது அதற்கும் அமீபா மாத்திரையே மறுபடி மறுபடி கொடுக்கப்படுகிறது. முதல் தடவை கொடுப்பது நியாயம். மூன்றாவது தடவையும் அதையே கொடுத்தால்?

இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று ரொம்ப நாள் ஒரு எண்ணம் இருந்தது. பஞ்சாபில் லூதியானா டாக்டர்கள் 1999-ல் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களை வீடு வீடாக விசாரித்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான முடிவு: லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு இந்த நோய். கணியம்பாடி ஒன்றியத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல். பஞ்சாப் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாதுதான். சாப்பாடு வேறு, மண் வேறு. ஆனாலும் ஒரு ஒன்றியத்துக்குச் சில பத்து பேர் என்று வைத்துக்கொண்டால் அது மிகையான கணக்கு இல்லை. இந்தச் 'சில பத்து' என்பதுதான் பிரச்சினை. தனியாகத் திட்டம் போட இது போதாது. இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. சர்க்கரை நோயாளிக்குத் தெருவுக்கு நாலு துணை இருக்கும். இந்த நோயாளிக்கு ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

சரி, மருந்துக்கு வருவோம். அதன் கதையே சுவாரஸ்யமானது.

ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்று ஒரு பெண் டாக்டர். 1937-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பேராசிரியர் ஆனவர். அந்த நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பெண் பேராசிரியர் அவர்தான். மூட்டுவாதத்துக்கு மருந்து தேடினார். மூட்டு வீக்கத்துக்கு சாலிசிலேட் (ஆஸ்பிரின் குடும்பம்), கிருமிக்கு சல்ஃபா, இரண்டையும் ஒரே மூலக்கூறாகக் கட்டினால் என்ன என்பது யோசனை. அப்படிப் பிறந்ததுதான் சல்ஃபாசலசின். அதைப் பெருங்குடல் அழற்சி இருந்தவர்களுக்குக் கொடுத்தபோது வயிறு நன்றாக ஆறியது. 1942-ல் எழுதி வெளியிட்டார்.

ஏன் வேலை செய்கிறது என்பது அப்புறம் 35 வருடம் யாருக்கும் சரியாகத் தெரியாது! 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த வங்கதேச டாக்டர் ஏ.கே.ஆசாத் கான், தன் வழிகாட்டி ட்ரூலவ்வுடன் சேர்ந்து ஒரு எளிய சோதனை செய்தார். முழு மருந்து, அதன் சல்ஃபா பாதி, சாலிசிலேட் பாதி, மூன்றையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குணம் செய்தது சாலிசிலேட் பாதி. சல்ஃபா வெறும் வண்டி. சரக்கைப் பெருங்குடல் வரை கொண்டுபோய் இறக்குவது மட்டும்தான் அதன் வேலை. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் கட்டை அவிழ்த்துச் சரக்கை வெளியே எடுக்கின்றன. ஒவ்வாமை, தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகளில் பெரும்பகுதி அந்த வண்டியால் வந்தது. வண்டி இல்லாமல் சரக்கை மட்டும் அனுப்பலாமே என்று வந்ததுதான் இன்று பரவலாக எழுதிக் கொடுக்கப்படும் மெசலசின் (மெசலமின் என்றும் சொல்வார்கள்).

இப்போது வண்டிக்குப் பதில் மாத்திரையின் மேல்பூச்சு. அது இரைப்பையில் கரையாமல் குடலின் கடைசிப் பகுதிக்கு வந்து கரையும். ஆகவே இந்த மாத்திரையைப் பொடித்தோ கடித்தோ சாப்பிடக் கூடாது. மாத்திரை கொஞ்சம் பெரிசு. விழுங்க முடியவில்லை என்று அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துத் தரும் பாட்டிகளுக்கு இதை யார் சொல்வது? மருந்தெல்லாம் வேறு இடத்தில் கரைந்துவிட்டு, 'இங்கிலீஷ் மருந்தும் கேட்கலை' என்று பழி வரும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு குருணை வடிவில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. அவசரமாகப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கவும்.

மெசலசின் ஒரு அழற்சி எதிர்ப்பு மருந்து. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளுக்கும் புத்தகத்தில் அதே பெயர்தான், அழற்சி எதிர்ப்பு மருந்து. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுக்கும் அதே பெயர். ஒரே பெயரில் மூன்று ஆசாமிகள். முதல் ஆள் இந்தக் குடலுக்கு நண்பன். மூன்றாமவன் ஆபத்துக்கு உதவி செய்துவிட்டு, போகச் சொன்னால் போகாத விருந்தாளி. இரண்டாமவனைக் குடலுக்குப் பக்கத்திலேயே விடக் கூடாது.

இது எப்படி? ஆஸ்பிரினும் மெசலசினும் ஒரே சாலிசிலேட் குடும்பத்துப் பங்காளிகள் ஆயிற்றே! பங்காளி என்றால் ஒரே குணமா என்ன? டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆனால் குடலின் உள்சவ்வைப் பாதுகாப்பதும் அதே பொருள்தான். மெசலசின் பெரும்பாலும் ரத்தத்தில் கலந்து சுற்றாமல் குடல் சவ்வின் மேலேயே வேலை செய்கிறது. 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களுக்குச் சில வகை வலி மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 17 முதல் 28 பேர் வரை ஒன்பது நாட்களுக்குள் நோய் திரும்பியது. பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. சிறிய ஆய்வுதான். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, பிற்பாடு வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனாலும் வலிக்கு முதலில் பாராசிட்டமால், மற்றது டாக்டரைக் கேட்டு என்பதில் பெரிய சச்சரவு கிடையாது.

இதில் ஒரு விஷமமான கண்ணி இருக்கிறது. பெருங்குடல் அழற்சி குடலோடு நிற்காது. சிலருக்கு முட்டி, கணுக்கால் மூட்டுகள் வலிக்கும், வீங்கும். வயிற்று நோய்க்கும் மூட்டு வலிக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்? நேராக மெடிக்கல் ஷாப். "அண்ணா, முட்டி வலி தாங்கலை, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்கண்ணா." காகிதக் கவரில் மூன்று கலர் மாத்திரைகள் வரும். ஒன்று வலிக்கு, ஒன்று 'கேஸுக்கு', இன்னொன்று என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும். நாலு நாளில் ரத்தபேதி திரும்பும். நோயாளி என்ன நினைப்பார்? தினமும் சாப்பிடும் மெசலசின் பலன் தரவில்லை என்று அதை நிறுத்துவார்! நல்ல ஆளை வெளியே தள்ளிவிட்டு, திருடனுக்கு வீட்டுச் சாவி.

2006-ல் சிக்குன்குனியா வந்தபோது தமிழ்நாட்டில் வலி மாத்திரை சாப்பிடாத வீடு குறைவு. அப்போது பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

சட்டப்படி டைக்ளோஃபெனாக்கும் பிரெட்னிசோலோனும் எச் அட்டவணை மருந்துகள், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்கையும் அச்சடித்திருக்கும். ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? விவசாயக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஜவ்வாது மலை மேலிருந்து இறங்கி வருபவருக்கு அதோடு பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரமும் சேரும். அடிவாரத்து மெடிக்கல் ஷாப் அண்ணாதான் அவர்களுக்கு டாக்டர். இதை ஒத்துக்கொண்டுதான் தீர்வு தேட வேண்டும்.

அடுத்த குளறுபடி, நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்துவது.

ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேவை எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே இந்த நோய். 2007 செப்டம்பரில் பதவியை விட்டு விலகியதற்கு இது முக்கியக் காரணம் என்று பின்னால் அவரே சொன்னார். 2009-ல் மெசலசினின் புதிய வடிவம் ஒன்று ஜப்பானில் அனுமதி பெற்றது. அதன் உதவியால் தேறியதாகவும் சொன்னார். 2012 டிசம்பரில் மறுபடி பிரதமர் ஆகி, அந்த நாட்டில் அதிக காலம் அந்தப் பதவியில் இருந்தவர் என்ற பெயரையும் எடுத்தார். 2020-ல் நோய் திரும்பியது, ஆகஸ்டில் ராஜினாமா அறிவித்தார். (2022-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டது வேறு கதை.) ஒரு நாட்டின் பிரதமருக்கே நோய் 'போய்விடவில்லை', அடங்கித்தான் இருந்தது. அடங்கியிருப்பதற்கும் குணமாவதற்கும் உள்ள வித்தியாசம் புரியாததுதான் நம் ஊர் நோயாளிகளின் பாதிப் பிரச்சினை.

கணக்கும் இருக்கிறது. 1965-ல் லண்டனில் நோய் அடங்கியிருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு சல்ஃபாசலசினும் இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மருந்துப் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 28 பேருக்கும், வெற்று மாத்திரைப் பிரிவில் 72 பேருக்கும் நோய் திரும்பியது. 2003-ல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வில், மெசலசினை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 89 சதவீதம் பேர் ஒரு வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம்தான்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஷினுக்கு மாதா மாதம் எண்ணெய் போடும் செலவை மிச்சம் பிடித்து, வருடக் கடைசியில் மெஷினையே மாற்றும் முதலாளியை நம் வகுப்பில் என்ன சொல்லிச் சிரிப்போம்? இங்கே மெஷின் என்பது பெருங்குடல். மருந்துக்கு அடங்காத நிலை வந்தால் அதை முழுசாக எடுத்துவிட்டு, இடுப்பில் பையோடு சில காலமோ ஆயுள் முழுக்கவோ இருக்க வேண்டி வரலாம். நோய் ஆரம்பித்து எட்டு வருடம் ஆனவர்களுக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று குறித்த இடைவெளியில் கேமரா விட்டுப் பார்ப்பதும் நடைமுறை.

ஏன் நிறுத்துகிறார்கள்? காசு ஒரு காரணம். மாதா மாதம் மெசலசின் வாங்குவது கூலி வேலைக்காரருக்குச் சுமைதான். அப்படிப்பட்டவர் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் சொன்னால் பழைய சல்ஃபாசலசினுக்கே மாற்ற முடியுமா என்று பார்ப்பார். விலை குறைவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதும் அதுதான்.

அதை விடப் பெரிய காரணம் பயம். "தினமும் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்டா." இதைச் சொல்லாத மாமா உண்டா? மாமா சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மெசலசினால் அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரும். அதனால்தான் ஆரம்பிக்கும் முன்பும், சில மாதம் கழித்தும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவதும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சாதாரண லேபிலேயே செய்யக்கூடிய பரிசோதனை. வேடிக்கை என்னவென்றால், கிட்னிக்குப் பயந்து மெசலசினை நிறுத்தும் அதே மாமா முதுகு வலிக்கு டைக்ளோஃபெனாக்கை வேர்க்கடலை மாதிரி சாப்பிடுவார். கிட்னிக்கு உண்மையிலேயே பேர்போன எதிரி அதுதான் :-)

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. மெசலசின் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் நூற்றில் சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலும் பேதியும் கூடும். நோய் முற்றியது போலவே தோன்றும். அப்போது அளவைக் கூட்டிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் ஓட வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு சல்ஃபாசலசின் ஆகாது. அது சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை சேர்த்துத் தருவார்கள், ரத்த அணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது பார்ப்பார்கள்.

ஆனால் சல்ஃபாசலசினைப் பற்றி வெளியே பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையை அது குறைக்கும். நிரந்தரமாக இல்லை. நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், மெசலசினுக்கு மாறினால் அந்தப் பிரச்சினை இல்லை. இது தெரியாத ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. மாமியார் யாரைப் பேசுவார்? கோயில், விரதம், பரிசோதனை எல்லாம் யாருக்கு நடக்கும்? மருமகளுக்குத்தான்! மகன் தினமும் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையை அந்த வீட்டில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். டாக்டர் எழுதும்போதே "கல்யாணம் ஆகியிருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பெண்களின் கதை இன்னும் மோசம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் நோயை மறைப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது? ஒளித்து வைத்துச் சாப்பிடுவது நாளடைவில் சாப்பிடாமல் இருப்பதில் முடியும். கர்ப்பமானதும் 'குழந்தைக்கு ஆகாது' என்று அம்மா வீட்டாரே நிறுத்தச் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். மெசலசின் கர்ப்ப காலத்தில் பொதுவாகத் தொடரக்கூடிய மருந்து. தாய்க்கும் குழந்தைக்கும் அதிக ஆபத்து, மருந்தை விட நோய் மூர்க்கமாகத் திரும்புவதில்தான்.

வெட்கம் இன்னொரு இடத்திலும் குறுக்கே நிற்கிறது. நோய் மலக்குடலோடு நின்றிருப்பவர்களுக்கு வாயால் விழுங்கும் மாத்திரையை விட ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ எனிமாவோதான் நன்றாக வேலை செய்யும். புண் இருக்கும் இடத்திலேயே மருந்து. தர்க்கம் எளிது. ஆனால் கூட்டுக் குடும்பத்தில், ஒரே அறை வீட்டில், ராத்திரி எனிமா போட்டுக்கொண்டு படுப்பது எப்படி? 'ஐயே' என்று ஒதுக்கிவிட்டு மாத்திரையை மட்டும் கேட்கிறார்கள். டாக்டருக்கும் விளக்க நேரமில்லை.

ஸ்டீராய்டுக்கு வருவோம். திட்டுவதற்கு முன் நன்றியோடு ஒரு வார்த்தை. 1955-ல் ட்ரூலவ்வும் விட்ஸும் வெளியிட்ட சோதனையில் 210 நோயாளிகள். கார்ட்டிசோன் பெற்றவர்களில் ஆறு வாரத்தில் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. பெறாதவர்களில் 16 சதவீதம். கைவிடப்பட்ட எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்து அது. இன்றும் நோய் வேகமாக எரியும்போது பிரெட்னிசோலோன் கொடுத்து அணைக்கிறார்கள். ஆனால் நோய் திரும்பாமல் காக்க அது உதவாது. தீயணைப்பு வண்டியை வீட்டு வாசலில் நிரந்தரமாக நிறுத்திக் குடும்பம் நடத்த முடியுமா? வாரா வாரம் அளவைக் குறைத்து, இரண்டு மூன்று மாதத்துக்குள் நிறுத்திவிட வேண்டிய மருந்து.

நம் ஊரில் நடப்பது வேறு. முதல் தடவை டாக்டர் எழுதிய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ரத்தம் வந்ததும் அதே சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பசி எடுக்கிறது, முகம் உருண்டையாகிறது, 'உடம்பு தேறிட்டான்' என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள்! உள்ளே எலும்பு கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்ணில் புரை விழுகிறது, எங்கோ தூங்கிக்கொண்டிருந்த காசநோய்க் கிருமி எழுந்து உட்காருகிறது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் அதுவும் ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை மூடியிருக்கும். திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம்.

வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்றால் அது அடுத்த கட்ட மருந்துக்கான சமிக்ஞை. அசதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் என்று பட்டியல் இருக்கிறது. அவை வேறு உலகம். அசதியோபிரினில் ரத்த அணுக்கள் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மைப் போன்ற ஆசியர்களில் சிலருக்கு மரபணு காரணமாக அது வேகமாகக் குறையும். இன்ஃப்ளிக்சிமாப் போடும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2006-ல் ஜப்பானில் நடந்த சோதனையில், வழக்கமான மருந்தோடு மஞ்சளின் குர்குமினையும் தினம் 2 கிராம் சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்புவது குறைந்தது. மருந்தோடு சேர்த்து என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளவும். ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை அந்த அளவுக்குப் பக்கத்தில் கூட வராது.

எப்போது யாரையும் கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்? ட்ரூலவ்வும் விட்ஸும் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போகிறது, அதோடு காய்ச்சல், அல்லது நிமிடத்துக்கு 90-க்கு மேல் நாடித் துடிப்பு, அல்லது ரத்தசோகை. இதில் ஏதாவது சேர்ந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த நிலையில் பேதியை நிறுத்தும் கடை மாத்திரையும் போடக் கூடாது. குடல் அசைவற்றுப் பலூன் மாதிரி வீங்கி உயிருக்கே வினையாகலாம்.

இதையெல்லாம் ஒரு நோயாளி தனியாக நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. கணியம்பாடி உதவுவது இங்கேதான். கர்ப்பிணிப் பெண்ணின் விவரம் ஒரு அட்டையில் ஏறி, நாள் தவறினால் வீட்டுக்கு ஆள் வந்து விசாரிக்கும் ஏற்பாடு இந்த ஒன்றியத்தில் நடந்து காட்டப்பட்ட ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வழியிலேயே பெருங்குடல் அழற்சிக்காரர்களையும் சேர்ப்பதில் என்ன கஷ்டம்? ஒன்றியத்துக்குச் சில பத்து பேர்தானே. எண்ணிக்கை குறைவு என்பதைச் சேர்க்காமல் இருக்கக் காரணமாகச் சொல்கிறார்கள். குறைவு என்பதால்தான் செலவும் குறைவு!

அந்த அட்டையில் பெரிதாக எதுவும் வேண்டாம். தமிழில், தடித்த எழுத்தில் நாலு விஷயம். தினமும் சாப்பிடும் மருந்தின் பெயர். கொடுக்கக் கூடாத வலி மாத்திரைகளின் பெயர். ஸ்டீராய்டு எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் முடிய வேண்டும். அடுத்த கிரியேட்டினின் பரிசோதனை எந்த மாதம். நோயாளி அதைச் சட்டைப் பையில் வைத்திருந்து, முட்டி வலிக்கு மாத்திரை கேட்கும்போது மெடிக்கல் ஷாப் அண்ணாவிடம் நீட்ட வேண்டும். கவரில் கலர் கலராகப் போடுவதற்கு முன் அவர் படித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். நோயின் பெயரை மட்டும் அட்டையின் வெளிப்பக்கம் போடாமல் உள்பக்கம் போடுவது நல்லது. பெண் பிள்ளைகள் கையில் வைத்துக்கொள்ள அது கொஞ்சம் சௌகரியமாக இருக்கும்.